மூன்று அம்பும் ஒரு மனசும்

சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவில் பலூன் சுடும்போது குறி தப்பினால், சிரித்துவிட்டுக் கருப்பட்டி மிட்டாய் வாங்கப் போய்விடலாம். டார்ட்ஸ் ஆட்டத்தையே தொழிலாக வைத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

கோட்டுக்கும் பலகைக்கும் நடுவே 2.37 மீட்டர்தான். கையில் மூன்று அம்பு. 501லிருந்து சரியாகப் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். கடைசி அம்பு இரட்டை மதிப்பெண் கட்டத்தில் குத்தியே ஆகவேண்டும். எதிராளி வந்து தடுப்பதில்லை, தடுப்பது தன் மனசுதான். 5 முறை உலக சாம்பியனான எரிக் பிரிஸ்டோவுக்கே 1980களில் அம்பை விட விரல் மறுத்தது. அந்தக் கோளாறுக்கு ‘டார்டைட்டிஸ்’ என்றே பெயர்.

நம் நாட்டு நிதின் குமாரைப் பாருங்கள். 2018 டிசம்பரில், லண்டனில் நடக்கும் பி.டி.சி. உலகப் போட்டியில் ஆடிய முதல் இந்தியர். ஒரு செட் கூட எடுக்காமல் தோற்றார். 2019லும் அதே கதை. 2024ல் தோற்றாலும் ஒரு செட் எடுத்தார். 2025 டிசம்பரில்தான் அங்கே முதல் வெற்றி. ஏழு வருஷம்!

“இதெல்லாம் சோறு போடுமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு அரியர் வைத்தவனை “இனி தேறமாட்டான்” என்று முடிவு கட்டுகிற ஊரில், தோற்ற இடத்துக்கே திரும்பிப் போகும் பழக்கத்தை எந்த டியூஷனில் சொல்லித் தருகிறார்கள்? டார்ட்ஸில் தப்பிய அம்பைத் தூக்கி எறிவதில்லை. பிடுங்கி வந்து, அதையேதான் அடுத்த முறையும் எறிகிறார்கள்.