எரிவாயுப் பயிற்சி யாருக்கு?

எரிவாயுத் தொழிலிலுள்ள கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்கும் சர்க்கார் அதிகாரிகளுக்கும் தொழிற்பயிற்சி என்பதாக வகுப்புகள் நடத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. அவ்வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கப்படும் பாடங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, உள்நாட்டு எரிவாயு மார்க்கெட் இனி எப்படியிருக்கும் என்பது. மற்றொன்று, கிணறு தோண்டும் ஊர்களிலும் குழாய் போகும் ஊர்களிலும் உள்ள ஜனங்களோடு எப்படிப் பழகிச் சம்மதம் பெறுவது என்பது. இதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. எவர் எதைக் கற்றாலும் நல்லதே. ஆனால் பேச வருகின்றவனுக்கு மாத்திரம் பயிற்சி கொடுத்துவிட்டு, பதில் சொல்ல வேண்டியவனை ஒன்றும் தெரியாதவனாகவே வைத்திருப்பதற்குக் கலந்தாலோசனை என்று பெயரா என்றுதான் கேட்கின்றோம்.

கடலூர், சிதம்பரம் பக்கத்துச் சங்கதியையே எடுத்துக் கொள்ளுவோம். மரக்காணம் முதல் கடலூர் வரையில் ஒரு வட்டாரமும், பரங்கிப்பேட்டை முதல் வேளாங்கண்ணி வரையில் மற்றொரு வட்டாரமுமாக, நிலத்தடியிலும் கடலடியிலும் எண்ணெயும் எரிவாயுவும் தேடும் உரிமையை 2018-ல் இந்திய சர்க்கார் வேதாந்தா கம்பெனிக்குக் கொடுத்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த நிலத்தில் ஏர் ஓட்டுகிறவனையும், அந்தக் கடலில் வலை வீசுகிறவனையும் யாராவது கேட்டார்களா? 2019 ஜூனில் மரக்காணத்திலிருந்து ராமேஸ்வரம் வரையில் ஜனங்கள் கைகோர்த்து நின்று தங்கள் மறுப்பைக் காட்டினார்கள். அதன் பிறகாவது கேட்கும் வழக்கம் வந்ததா என்றால், 2020 ஜனவரியில் இந்திய சர்க்கார் விதியைத் திருத்தி, எண்ணெய், எரிவாயு தேடும் வேலைக்கு ஜனங்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டியதேயில்லை என்று ஆக்கிவிட்டது. தோண்டிப் பார்த்து, வாயு அகப்பட்டு, உற்பத்தி ஆரம்பிக்கும்போது கேட்டால் போதுமாம். தாலி கட்டி முடிந்த பின்பு பெண்ணைப் பார்த்து, உனக்குச் சம்மதந்தானா என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? புரோகிதக் கலியாணத்திலாவது புரியாத மந்திரத்தைப் பெண்ணின் காதெதிரே சொல்லுகிறார்கள். இங்கு அதுவுமில்லை.

அடுத்த மாதமே தமிழ்நாட்டுச் சட்டசபை, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி பரங்கிப்பேட்டை, கீரப்பாளையம், குமராட்சி, மேல்புவனகிரி, காட்டுமன்னார்கோயில் ஆகிய ஐந்து ஒன்றியங்களில் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் தோண்டக் கூடாது. ஆக, சிதம்பரத்தைச் சுற்றி வேலியிருக்கிறது, கடலூரைச் சுற்றி இல்லை. வேலி இருந்தும் 2023-ல் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கேயுள்ள நிலக்கரியை இந்திய சர்க்கார் ஏலப் பட்டியலில் சேர்த்து, கூச்சல் எழுந்த பிறகு நீக்கியது. ஜனங்கள் ஒவ்வொரு தடவையும் கூச்சல் போட்டுத்தான் ஒரு சங்கதியைத் தெரிந்து கொள்ள வேண்டுமென்றால், அது என்ன ஆட்சி முறை?

நாம் எரிவாயுவுக்கு விரோதிகளல்ல. பெண்மக்கள் ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணும் மார்பும் கெட்டுப் போனது போதும். 2007-ல் தமிழ்நாட்டு சர்க்கார் ஏழைகளுக்கு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்க ஆரம்பித்தது நல்ல காரியமே. பூமாதேவியைத் துளைப்பது பாவம் என்று எதிர்ப்போரும் சிலருண்டு. அவர்களோடு நமக்குச் சம்பந்தமில்லை. பூமிக்கு வலிக்காது, குடியானவனுக்குத்தான் வலிக்கும். அவன் கணக்குப் பார்த்துச் சம்மதிக்கட்டும் அல்லது மறுக்கட்டும் என்பதே நமது கட்சி.

அந்தக் கணக்கைத்தான் அவனிடம் யாரும் சொல்லுவதில்லை. உங்கள் ஊரில் வாயு எடுத்தால் உங்கள் அடுப்புக்கு மலிவாய்க் கிடைக்கும் என்று எவரேனும் சொன்னால், அது சுத்தப் புரட்டு. சிலிண்டரில் வருவது பெட்ரோலிய வாயு. அது எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும், பாதிக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்தும் வருகிறது. குழாயில் வருவது பூமிக்கடியிலுள்ள மீத்தேன். இதிலும் ஏறக்குறைய பாதி கப்பலில் வருவது. எண்ணூரில் 2019 முதல் அதற்கென்றே துறை நடக்கிறது. அரசாங்கக் கம்பெனிகளின் பழைய வயல்களில் எடுக்கும் வாயுவுக்கு 2023 ஏப்ரலில் ஒரு கணக்கு வகுத்தார்கள். கச்சா எண்ணெய் விலையில் 100-க்கு 10 பங்கு என்றும், 10 லட்சம் வெப்ப அலகுக்கு 4 டாலருக்குக் குறையாமலும் 6.50 டாலருக்கு மேற்படாமலும் என்றும் வைத்து, பிறகு வருஷந்தோறும் உச்ச விலை சிறிது உயரலாம் என்றும் சொன்னார்கள். ஆனால் 2016-ல் ஏற்பட்ட புதிய கொள்கையின்படி ஏலம் எடுத்த கம்பெனிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. விலையையும் வாங்குகிறவனையும் அவர்களே பார்த்துக் கொள்ளலாம். ஆகவே பரங்கிப்பேட்டை மண்ணுக்கடியிலிருந்து வரும் வாயு பரங்கிப்பேட்டை அடுப்புக்கு ஒரு காசு குறைவாய் வரவேண்டிய அவசியம் இல்லை. இவ்வளவுதான் மார்க்கெட் நிலவரம் என்னும் சிதம்பர ரகசியம்! திரையை விலக்கிப் பார்த்தால் கூட்டல் கழித்தல்தான் இருக்கிறது.

படிக்காதவர்களுக்கு இதெல்லாம் புரியுமா என்று கேட்கும் படித்தவர்களுக்குக் கடலூரிலேயே பதில் இருக்கிறது. கடலூர் சிப்காட் ரசாயன ஆலைகளின் நாற்றத்தைப் பல வருஷம் சுவாசித்த கிராமத்தார், 2004-ல் தாங்களே காற்றைப் பிடித்துச் சோதிக்கப் பழகினார்கள். கலிபோர்னியாவில் 1990-களில் கண்டுபிடித்த முறை அது. ஒரு வாளிக்குள் பையை வைத்து, நாற்றம் வரும் நேரத்தில் காற்றை உறிஞ்சி அடைத்து அனுப்புவார்கள். எந்த நாள், எந்த மணி, எந்தத் திசைக் காற்று, என்ன மாதிரி நாற்றம் என்று நோட்டில் எழுதினார்கள். அமெரிக்காவில் சோதித்ததில் இருபதுக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் அகப்பட்டன. அதுவரையில் நாற்றம் என்று வாயால் சொன்னதை அதிகாரிகள் கேட்கவில்லை. காகிதத்தில் பெயரோடு வந்த பிறகு தட்டிக் கழிக்க முடியவில்லை. கூலி வேலை செய்கிறவர்களுக்கும் வலை வீசுகிறவர்களுக்கும் இது புரிந்தது. வட்டிக்கு வட்டி கட்டிப் பழகியவனுக்கு எரிவாயு விலையா புரியாது?

பாஷை ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது. சிதம்பரம் கோயில் மேடையில் தமிழில் பாடுவதற்கே 2008-ல் சர்க்கார் உத்தரவும் போலீசும் வேண்டியிருந்தன. இந்திய சர்க்காரின் சுற்றுச்சூழல் விதி நகலை எல்லாப் பாஷைகளிலும் வெளியிடும்படி 2020-ல் டில்லி ஐக்கோர்ட்டார் உத்தரவிட வேண்டியிருந்தது. திட்ட அறிக்கை முழுவதும் இங்கிலீஷிலும், அதன் சுருக்கம் மாத்திரம் தமிழிலும் என்பதே இன்றைய முறை. அர்ச்சகருக்கு வேதம், நமக்கு விபூதி என்பது போல.

ஆகவே நாம் கேட்பது இதுதான். சிதம்பரத்தில் 1929 முதல் ஒரு யூனிவர்சிட்டி இருக்கிறது. 2013 முதல் அது தமிழ்நாட்டு சர்க்கார் வசம் இருக்கிறது. நிலவியலும் விவசாயமும் தெரிந்த ஆசிரியர்கள் அங்கு உண்டு. அவர்களைக் கொண்டு கடலூரிலும் சிதம்பரத்திலும் ஒன்றியந்தோறும் தமிழில் வகுப்பு நடத்த வேண்டும். எரிவாயு எங்கிருந்து வருகிறது, விலை எப்படி ஏற்படுகிறது, குத்தகைப் பத்திரத்தில் எந்த வரியைப் பார்க்க வேண்டும், கசிவு என்றால் யாரிடம் எழுதிக் கொடுப்பது என்பவற்றை, ஏலம் விடுவதற்கு முன்பே சொல்லிக் கொடுக்க வேண்டும். வகுப்பு கோயில் மண்டபத்திலோ மிராசுதார் திண்ணையிலோ கூடாது. சேரித் தோழர்களும் பெண்களும் சரிசமமாய் உட்காரக்கூடிய பள்ளிக்கூடத்தில், வேலை முடிந்த மாலை நேரத்தில் நடக்க வேண்டும். அடுப்படியில் நிற்கிறவளை விட்டுவிட்டு ஆண்கள் மாத்திரம் கூடி அடுப்பைப் பற்றிப் பேசுவது வேடிக்கையாகும்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். பெரிய கம்பெனிகள் லாபத்தில் 100-க்கு 2 பங்கைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்லுகிறது. அதிலிருந்து கொடுக்கட்டும். ஆனால் பாடம் எழுதுவதையும் வாத்தியாரைப் பொறுக்குவதையும் கம்பெனியிடம் விடக் கூடாது.