தகப்பன் காரா? மகன் காரா? வேகம் எங்கே இருக்கிறது?

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், கலெக்டர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. சென்ற வாரம் அங்கே ஒரு தகப்பனாரும் மகனும் வாதாடிக்கொண்டு இருந்தார்கள். கடைக்கு வெளியே அவர்களுடைய பழைய லான்சர் கார் நின்றது.

"உலக ராலியில ஜெயிச்ச வண்டிடா இது! இந்தக் காலத்து வண்டி எல்லாம் இது பக்கத்துல நிக்குமா?" என்றார் தகப்பனார்.

மகன் செல்போனை நீட்டினான். "ஜெயிச்சது வேற லான்சர், அப்பா. அதுலயும் பழசைவிடப் புதுசுதான் பந்தயத் தடத்துல வேகமாப் போகுது. இதைப் பாருங்க. புது வண்டியில குதிரைத் திறன் அதிகம்!"

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீங்க சொல்லுங்க தம்பி. பத்திரிகைக்காரர் ஆச்சே!" என்றார் பெரியவர்.

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கும் பதில் அல்ல அது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ராலி என்றால் என்ன?

ராலி என்றால் இங்கே ஊர்வலம் அல்ல. அது ஒரு வகை மோட்டார் பந்தயம். மண் சாலை, மலைப் பாதை, பனி மூடிய காட்டு வழி ஆகியவற்றை மற்ற வண்டிகளுக்கு அடைத்துவிட்டு, கார்களை ஒவ்வொன்றாக ஓட விடுவார்கள். எல்லாருடைய நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவருக்கு வெற்றி.

அந்தக் காலத்தில் இதற்கு ஒரு விதி இருந்தது. பந்தயத்தில் ஓடும் கார், பொதுமக்களுக்கு விற்கும் காரை ஒட்டியே இருக்க வேண்டும். ஆகவே ஜெயிக்க விரும்பிய கம்பெனி, அப்படிப்பட்ட காரைச் செய்து கடையில் விற்கவும் வேண்டி இருந்தது.

இப்படித்தான் 1992-ல் ஜப்பானின் மிட்சுபிஷி கம்பெனி 'லான்சர் எவல்யூஷன்' என்ற காரைக் கொண்டு வந்தது. பார்த்தால் குடும்பக் கார். நான்கு கதவுகள். பின்னால் பெட்டி வைக்க இடம். ஆனால் உள்ளே பந்தயக் குதிரை! 1992-க்கும் 2007-க்கும் நடுவில் பத்துத் தலைமுறைகள் வந்தன. பின்லாந்து நாட்டு வீரர் டாமி மாக்கினென், 1996 முதல் 1999 வரை தொடர்ந்து 4 ஆண்டுகள் இந்தக் காரில் உலக ராலிச் சாம்பியன் ஆனார்.

திருவள்ளூரில் பிறந்த தம்பி

நம் ஊர் லான்சருக்கு வருவோம். அம்பாசிடர் கார் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி, 1998-ல் திருவள்ளூர் அருகே லான்சரைச் செய்யத் தொடங்கியது. அதன் உடல் கூடு, மாக்கினென் ஓட்டிய காரின் கூட்டைச் சேர்ந்ததே. அந்த அளவில் பெரியவர் சொன்னது சரி.

ஆனால் கூடு ஒன்று, உள்ளே இருக்கும் ஆள் வேறு. அண்ணன் பயில்வான். தம்பி கணக்குப்பிள்ளை. 1998-ல் வந்த நம் பெட்ரோல் லான்சரின் பலம் 90 குதிரைத் திறனைக்கூட எட்டவில்லை. என்ஜினின் சுழற்சி முன் சக்கரங்களுக்கு மட்டுமே போகும். எவல்யூஷனில் நான்கு சக்கரங்களும் இழுக்கும்.

2006-ல் அடுத்த தலைமுறையான 'லான்சர் சீடியா' வந்தது. இந்திய ராலிப் பந்தயங்களில் அது பல ஆண்டுகள் ஓடிப் பெயர் வாங்கியது. எவல்யூஷனின் பத்தாவது தலைமுறை 2010-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. இன்று திருவள்ளூரில் லான்சர் உருவாவதில்லை.

சரி, தலைமுறைகளை எப்படி ஒப்பிடுவது? அதற்குத்தான் பந்தயத் தடம் இருக்கிறது. சென்னைக்கு அருகே சோழவரத்தில், உலக யுத்த காலத்து விமான ஓடுபாதையில் ஒரு காலத்தில் பந்தயங்கள் நடந்தன. பிறகு 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் திறக்கப்பட்டது. ஒரு சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். நேர்ப்பாதையும் உண்டு. வளைவுகளும் உண்டு. கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று பார்ப்பார்கள்.

குதிரைக்குச் சுமை கூடியது!

பொதுவாகப் பார்த்தால், தடத்தில் புதிய தலைமுறைதான் வேகம். இதில் மகன் கட்சி ஜெயித்தது. ஆனால் அவன் சொன்ன காரணம் தவறு!

கணக்கைப் பாருங்கள். 1992-ல் வந்த முதல் எவல்யூஷனின் எடை 1,240 கிலோ. பலம் 250 குதிரைத் திறன். ஆக, ஒரு குதிரைக்கு ஏறக்குறைய 5 கிலோ சுமை. 2007-ல் ஜப்பானில் வந்த பத்தாவது தலைமுறைக்கு எடை 1,500 கிலோவைத் தாண்டிவிட்டது. பலம் 280 குதிரைத் திறன். ஒரு குதிரைக்கு 5 கிலோ 400 கிராம் சுமை. பதினைந்து ஆண்டில் குதிரையின் பாரம் குறையவில்லை, கூடிவிட்டது!

அப்படியானால் வேகம் எங்கிருந்து வந்தது?

முதலில் டயரைப் பாருங்கள். முதல் எவல்யூஷனின் டயர் அகலம் 195 மில்லிமீட்டர். பத்தாவதற்கு 245 மில்லிமீட்டர். ஒவ்வொரு டயரும் மூன்று விரல் அளவு அகலமாகிவிட்டது. அகலமான டயர் சாலையை நன்றாகப் பிடிக்கும்.

அடுத்தது பிரேக். 1998-ல் வந்த ஐந்தாவது தலைமுறையில், இத்தாலி நாட்டு பிரெம்போ கம்பெனியின் பெரிய பிரேக்கைப் போட்டார்கள். நன்றாக நிற்கும் வண்டி, வளைவுக்கு மிக அருகே வரும் வரை வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. விநாடிகள் மிச்சம்!

மூன்றாவது, பலத்தைப் பங்கு போடும் மூளை. 1996-ல் வந்த நான்காவது தலைமுறை, பின் சக்கரங்கள் இரண்டில் எதற்கு எவ்வளவு பலம் என்று தானே பார்த்துக் கொடுத்தது. 2001-ல் வந்த ஏழாவது, முன்னுக்கும் பின்னுக்கும் பலத்தைப் பங்கிட்டது. பத்தாவதில் இவை எல்லாவற்றையும் பிரேக்கோடு சேர்த்து ஒரே கம்ப்யூட்டர் நடத்தியது.

ஆகவே என் தீர்ப்பு இது. தலைமுறை வித்தியாசம் குதிரையில் இல்லை, குதிரையின் குளம்பில் இருக்கிறது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். காருக்கு அடி என்பது டயர்தான்.

செல்போன் ஒப்பீட்டை நான் முழுதாக நம்பாததற்கும் இதுவே காரணம். ஒரு காரில் புது டயர், இன்னொன்றில் தேய்ந்த டயர். ஒருநாள் வெயில், மறுநாள் ஈரம். ஓட்டியவரும் வேறு. ஓட்டப் பந்தயத்தில் ஒருவனுக்கு ஷூ, இன்னொருவனுக்கு ரப்பர் செருப்பு என்றால் அது பந்தயமா? ஒரே தடம், ஒரே நாள், ஒரே டிரைவர், ஒரே வகை டயர் என்று வைத்துப் பாருங்கள். அடுத்தடுத்த தலைமுறைகளின் வித்தியாசம் சுருங்கிப்போகும். ஒன்பதாவதா, பத்தாவதா என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுவது சும்மா அல்ல. ஒன்பதாவது பலம் சமம், எடை 100 கிலோவுக்கு மேல் குறைவு!

நம் வீட்டுக்கு என்ன?

பந்தயக் கார் சமாசாரம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பேசி முடித்து வெளியே வந்தபோது, அவர்களுடைய லான்சரின் டயரைப் பார்த்தேன். முன் டயர் இரண்டும் மொட்டை! கோடு இருந்த இடமே தெரியவில்லை. அரை மணி நேரம் குதிரையைப் பற்றிப் பேசினோம். குளம்பை ஒருவரும் பார்க்கவில்லை.

அந்த வண்டி ஓடும் சாலை எது? பௌர்ணமி இரவில் கிரிவலத்துக்கு வரும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நடக்கும் ஊர்ச் சாலை. கைக்குழந்தையோடு வருகிறவர்கள், பூ விற்கும் அம்மாள், நடு ரோட்டில் படுத்திருக்கும் மாடு, எல்லாம் அங்கே உண்டு. பந்தயத் தடத்தில் கார் சறுக்கினால் ஒதுங்கி நிற்க வெற்றிடம் உண்டு. ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். வேலூர் சாலையில் ஒதுங்க என்ன இருக்கிறது? மனிதர்கள்தான் இருக்கிறார்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். நல்ல டயர், காய்ந்த சாலை. 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்தால், கார் சுமார் 9 மீட்டரில் நிற்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் 18 மீட்டர் அல்ல, சுமார் 36 மீட்டர் ஆகும்! வேகம் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் ஒரு விநாடியில் இன்னும் 22 மீட்டர் ஓடிவிடும். மழையும் மொட்டை டயரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

புதுக் கார் வைத்திருக்கும் வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய வண்டி வளைவில் ஆடும், கத்தும், முன்கூட்டியே பயமுறுத்தும். புதிய வண்டி உங்கள் தவறுகளைச் சத்தம் இல்லாமல் திருத்திக்கொண்டே போகும். அதை உங்கள் சாமர்த்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். டயரின் பிடி விட்டுப்போனால் எந்தக் கம்ப்யூட்டராலும் காப்பாற்ற முடியாது. வேகம் பார்க்க ஆசையா? தப்பில்லை. இருங்காட்டுக்கோட்டைக்குப் போய், முறையாகப் பழகி, தலைக்கவசம் போட்டு ஓட்டுங்கள்.

பெரியவரிடம் டயரைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகன்தான் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தான். "முதல்ல இதை மாத்திடலாம்பா. அப்புறமா குதிரையைப் பத்திப் பேசலாம்" என்றான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நீங்களும் உங்கள் வண்டிப் பக்கம் போய்க் குனிந்து பாருங்கள். டயரின் பள்ளக் கோட்டுக்குள் சின்னச் சின்ன மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டுவிட்டால், அதன் ஆயுள் முடிந்தது. நான்கு டயரையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.