டிராக்டர் சீட்டும் டிரைவர் முதுகும்

டிராக்டருக்கு சீட் மாத்துறதுக்கெல்லாம் ஒரு பதிவான்னு சிரிக்காதீங்க மக்களே. பொட்டி தட்டுற நாம முதுகு வலிக்குதுன்னு சண்டை போட்டு நல்ல நாற்காலி வாங்கிக்கிறோம். எங்க ஊர் நெற்குப்பையில (அதாங்க, சோமலெ பிறந்த ஊரு) கண்மாய்க்குக் கீழ நாள் பூரா உழவு ஓட்டுறவருக்கு யார் சண்டை போடுறது?

முதல்ல ஒரு அடிப்படை மேட்டர். காருக்கு நாலு சக்கரத்துக்கும் ஸ்பிரிங் இருக்கு. நம்ம பழைய டிராக்டர்ல பின்னச்சுக்கு அது கிடையாது. கியர் பெட்டியும் பின்னச்சும் சேர்ந்த இரும்புக் கூடுதான் சேஸிஸ். வரப்பு ஏறி இறங்குற அதிர்ச்சியைத் தாங்க டயரை விட்டா மிச்சம் இருக்கிறது சீட்டு மட்டும்தான். அதனால டிராக்டர் சீட்டை மெத்தைன்னு நினைக்காதீங்க, அதுதான் வண்டியோட சஸ்பென்ஷனே.

பழைய தகரத் தட்டு சீட்டும் அடியில இருக்கிற பட்டை ஸ்பிரிங்கும் துருப்பிடிச்சுத் தொய்ஞ்சு போனா ஊர்ல என்ன பண்றாங்க? "சாக்கை நாலா மடிச்சுப் போட்டா ஆச்சு, இதுக்குப் போயி செலவா?" கொஞ்சம் தாராளமான ஓனரா இருந்தா, தடியா ஸ்பாஞ்சு வச்சு ரெக்சின் தைச்சுப் போடுவாரு. என் சண்டையே இங்கதான்.

உட்கார்ந்திருக்கிற மனுஷன் முதுகெலும்புக்கு ஆகாதது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான மேல்-கீழ் அதிர்வு. டயர் மேல குதிக்கிற டிராக்டரோட அதிர்வு சுமாரா 2-லேர்ந்து 4 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்பிரிங், தன்னோட இயல்பான அதிர்வெண்ணைப் போல 1.4 மடங்குக்கு மேல இருக்கிற அதிர்வைத்தான் குறைக்கும். அதுக்குக் கீழ இருந்தா கூட்டித்தான் விடும்! கணக்குப் போட்டுப் பாருங்க. உட்கார்ந்ததும் 3 செ.மீ. அமுங்குற ஸ்பாஞ்சு சுமார் 3 ஹெர்ட்ஸ். வண்டி குதிக்கிற அதே தாளம். 1.5 ஹெர்ட்ஸுக்கு இறக்கணும்னா 11 செ.மீ. அமுங்கணும். எந்த ஸ்பாஞ்சாலயும் நடக்காது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இருக்கிற சீட்டு வேணும்.

ஐரோப்பாவுல 2002-லயே இதுக்குச் சட்டம் வந்தாச்சு. 8 மணி நேர வேலைக்குச் சராசரி அதிர்வு 0.5 மீ/வி² தாண்டினா முதலாளி நடவடிக்கை எடுக்கணும், 1.15 தாண்டவே கூடாது. அங்க டிராக்டர் சீட்டைச் சோதிக்கும்போது 59 கிலோ ஆளையும் 98 கிலோ ஆளையும் தனித்தனியா உட்கார வைக்கிறாங்க. ஒருத்தருக்குச் சரியான ஸ்பிரிங் இன்னொருத்தருக்கு ஆகாதுங்கிறதுதான் காரணம். எடைக்கு ஏத்த மாதிரி திருகுற குமிழ் இல்லாத சீட்டை வாங்காதீங்க.

மாத்தும்போது கவனிக்க வேண்டியது:

- பழைய சீட்டோட போல்ட் துளைகளுக்கு நடுவுல உள்ள தூரத்தை அளந்துட்டு அப்புறம் கடைக்குப் போங்க. பொருந்தலைன்னா நடுவுல ஒரு இரும்புத் தகடு வச்சுக்கலாம். ஹைட்ராலிக் மூடியில புதுசா ஓட்டை போடாதீங்க. இரும்புத் தூள் ஆயில்ல விழுந்தா செலவு வேற லெவல்.
- சஸ்பென்ஷன் சீட்டு உயரமா இருக்கும். ஆள் உட்கார்ந்த பிறகு கிளட்ச்சும் பிரேக்கும் கடைசி வரைக்கும் மிதிபடுதான்னு பாருங்க.
- சீட்டு முழுசா அமுங்கும்போது ஹைட்ராலிக் லீவர்ல இடிக்கக் கூடாது.
- ரெண்டு மூணு நாள் ஓட்டினதும் எல்லா நட்டையும் ஒரு தடவை முறுக்கிடுங்க.

இவ்வளவும் தெரிஞ்சாலும் ஏன் செய்றதில்ல? வலிக்கிறது டிரைவருக்கு, காசு எடுக்கிறது ஓனரு. ஓனர் சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருப்பாரு. வண்டிக்குப் பெயிண்ட், பம்பர், பாட்டுப் பொட்டி எல்லாம் கேட்காமலே வரும், ஏன்னா அதெல்லாம் போட்டோவுல தெரியும். டிரைவர் முதுகு தெரியாதே :-(

டிரைவரும் வாய் திறந்து கேட்க மாட்டாரு. "நொட்டை சொல்றான்"னு அடுத்த போகத்துக்கு வேற ஆளைக் கூப்பிட்டுட்டா?

அதனால ஊர்ல நிலமும் வண்டியும் வச்சிருக்கிற மக்களே, உங்களுக்குத்தான் சொல்றேன். அடுத்த தடவை சர்வீஸ் கணக்கு வாட்ஸப்புல வரும்போது, "சீட்டு எப்படிண்ணே இருக்கு?"ன்னு நீங்களே கேளுங்க. மாத்துறதா இருந்தா அவரையும் கடைக்குக் கூட்டிட்டுப் போய், உட்கார்ந்து பார்த்து அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க. உட்காரப் போறது அவருதானே?