கதையில்லாமல் தொடங்கிய 'சந்திரலேகா'

ஜெமினி ஸ்டூடியோவின் 'சந்திரலேகா' 1948 ஏப்ரல் 9 அன்று திரைக்கு வந்தது. ஸ்டூடியோவின் முதலாளி எஸ்.எஸ். வாசன் அதை அறிவித்தது சில ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது அவர் கையில் இருந்தது தலைப்பு மட்டும்தான். 'பாலநாகம்மா', 'மங்கம்மா சபதம்' இரண்டும் நாயகியை நம்பி எடுத்து ஓடிய படங்கள். அடுத்ததும் அப்படியே அமைய வேண்டும் என்பது அவர் கணக்கு. ஸ்டூடியோவில் கதைகளை உருவாக்கும் குழுவான கதை இலாகா முதலில் கொண்டுவந்த கதை அவருக்குப் பிடிக்கவில்லை. அதைத் தள்ளிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்.

மாதங்கள் ஓடியும் கதை பிடிபடவில்லை. இதை விட்டுவிட்டு 'ஔவையார்' படத்தைத் தொடங்கலாம் என்று வாசன் கெடு வைத்தார். அந்த நெருக்கடியில்தான் இலாகாவின் வேப்பத்தூர் கிட்டு, ரெயினால்ட்ஸின் 'ராபர்ட் மக்கேர்' என்ற ஆங்கில நாவலின் தொடக்கத்தைச் சொன்னார்: இரவு, குதிரை வண்டி, வழிமறிக்கும் கொள்ளைக்காரன், அவனிடம் சிக்கும் பெண். அந்த நுனி போதும் என்றாயிற்று. மிச்சத்தை இலாகாவே கட்டியது.

படப்பிடிப்பு தொடங்கிய பிறகும் மாற்றங்கள் நிற்கவில்லை. நாயகனாகச் சில காட்சிகளில் நடித்த கே.ஜே. மகாதேவன் மென்மையாகத் தெரிகிறார் என்று, அவருக்குப் பதிலாக எம்.கே. ராதா வந்தார். வேடம் போனாலும் மகாதேவன் குழுவை விட்டுப் போகவில்லை. இயக்குநர் டி.ஜி. ராகவாச்சாரி பாதியில் விலக, அதுவரை எந்தப் படத்தையும் இயக்காத வாசனே பொறுப்பேற்றார். சர்க்கஸ் காட்சிகள் முதல் திட்டத்தில் இல்லை, நடுவில் நுழைந்தவை. அவற்றை வெறும் வேடிக்கையாக ஒட்டவைக்காமல், குகையில் அடைபட்ட நாயகனைச் சர்க்கஸ் யானைகள் பாறையை நகர்த்தி மீட்பதாகக் கதையோடு பின்னினார்கள். கொத்தமங்கலம் சுப்புவுக்கும் நடிகை சுந்தரிபாய்க்கும் அந்தக் காட்சிகளில் வேடம் கிடைத்தது.

படத்தின் உச்சக்கட்டத்தில் வரும் முரசு நடனத்தில் மட்டும் விட்டுக்கொடுத்தல் இல்லை. மாதக்கணக்கான ஒத்திகை, நூற்றுக்கணக்கான ஆட்கள். ராட்சத முரசுகளுக்குள் ஒளிந்திருக்கும் வீரர்கள் வெளியே பாயும்போது நடனம் சண்டையாக மாறுகிறது. அந்தக் காட்சி இல்லாவிட்டால் உச்சக்கட்டமே இல்லை.

இத்தனை மாற்றத்துக்கும் விலை உண்டு. செலவு சுமார் 30 லட்சம் ரூபாய் என்பார்கள். அந்தக் காலத்தில் மலைக்கவைக்கும் தொகை. முதலாளியும் இயக்குநரும் ஒருவரே என்பதால் கேட்க ஆளில்லை. இன்று மேற்கு மாம்பலத்து வாடகை அறையில் கதை விவாதம் செய்யும் உதவி இயக்குநர், முழுமையாக எழுதி முடித்த பவுண்ட் ஸ்கிரிப்ட் இல்லாமல் தயாரிப்பாளரின் வாசல் ஏற முடியாது. வாசனின் துணிச்சலைப் பாடமாகச் சொல்பவர்கள் அவருடைய கல்லாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டு வசூல் அந்தச் செலவை ஈடுகட்டவில்லை. வாசன் சில காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்து, 1948 டிசம்பரில் இந்தியில் வெளியிட்டார். வட இந்தியாவில் படம் பெரிய வெற்றி. அடுத்த முறை அவர் தமிழ் வசூலுக்காகக் காத்திருக்கவில்லை. 1949-இல் ஒரே கதை தமிழில் எம்.கே. ராதாவோடு 'அபூர்வ சகோதரர்கள்' ஆகவும், இந்தியில் ரஞ்சனோடு 'நிஷான்' ஆகவும் வந்தது.