காயின் ஓகே... கடை ஓகேவா? கிரிப்டோவில் பணம் போடும் முன் என்னென்ன பார்க்கணும்?

"அண்ணே, புதுசா ஒரு காயின் வந்திருக்கு. இப்ப போட்டா ஆறு மாசத்துல டபுள்." இப்படி ஒரு மெசேஜ் காரைக்குடியில் இருக்கும் அப்பாவுக்கும் வரலாம், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்கும் வரலாம். உடனே பலரும் செய்வது, யூடியூப்பில் நாலு வீடியோ பார்ப்பது, விலை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. இது போதுமா? போதாது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கே காட்டுகிறது.

என்ன வழக்கு அது?

சென்னையைச் சேர்ந்த ஒரு முதலீட்டாளர், 2024 ஜனவரியில் வசிர்எக்ஸ் தளம் வழியாக 1,98,516 ரூபாய்க்கு 3,532 எக்ஸ்ஆர்பி காயின்களை வாங்கினார். எக்ஸ்ஆர்பி ஒன்றும் நேற்று முளைத்த காயின் அல்ல. உலக அளவில் பெரிய கிரிப்டோக்களில் ஒன்று.

அதே ஆண்டு ஜூலை 18-ம் தேதி வசிர்எக்ஸின் ஒரு வாலட்டை ஹேக்கர்கள் உடைத்தார்கள். போனது சுமார் 23 கோடி டாலர். நம்மூர்க் கணக்கில் கிட்டத்தட்ட 2,000 கோடி ரூபாய். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், திருடப்பட்டவை எத்திரியம் வகை டோக்கன்கள். இவர் வைத்திருந்த எக்ஸ்ஆர்பியை யாரும் தொடவில்லை. ஆனாலும் தளமே முடங்கியதால் இவர் கணக்கும் முடங்கியது. இடையில் எக்ஸ்ஆர்பி விலை பல மடங்கு ஏறியது. விற்க வழியில்லை. 2025 அக்டோபர் கடைசியில்தான் தளத்தில் வர்த்தகம் மீண்டும் தொடங்கியது.

ஹேக்கில் போன நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளர்களும் பகிர்ந்துகொள்ளும் ஒரு திட்டம், தாய் நிறுவனம் இருக்கும் சிங்கப்பூரின் நீதிமன்றத்தில் போனது. 'என் காயின் திருடு போகவே இல்லையே, நான் ஏன் பகிரணும்?' என்பதுதான் சென்னை வழக்கின் சாரம்.

2025 அக்டோபரில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது ரூபாய் போன்ற நாணயம் இல்லை என்றாலும் அது ஒரு சொத்து, ஒருவர் அனுபவிக்கவும் நம்பிக்கையின் பேரில் இன்னொருவரிடம் வைத்திருக்கவும் கூடிய சொத்து என்று சொல்லி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார்.

முதலீட்டாளர்களுக்கு இது ஆறுதலான தீர்ப்புதான். ஆனால் காயினைச் சரியாகத் தேர்ந்தெடுத்தும் கோர்ட் படி ஏற வேண்டி வந்ததே, அது ஏன்? அவர் வாங்கிய காயினில் கோளாறு இல்லை. அதை வைத்திருந்த இடத்தில்தான் கோளாறு. ஆக, ஆராய வேண்டியது இரண்டு: ஒன்று காயின், இன்னொன்று கடை.

காயினை எப்படிப் பார்ப்பது?

மொத்தம் எத்தனை காயின், யார் கையில் இருக்கிறது? பிட்காயினுக்கு 2.1 கோடி என்ற உச்சவரம்பு உண்டு. புதுக் காயின்களில் பெரும்பங்கு உருவாக்கியவர்கள் கையிலேயே இருந்தால், அவர்கள் விற்கும் நாளில் விலை சரியும். பிளாக்செயின் எக்ஸ்புளோரர் என்ற இலவச இணையதளங்களில் இதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பிளாக்செயின் நிஜமாகவே இருக்கிறதா? 2014-ல் பல்கேரியாவில் தொடங்கிய ஒன்காயின், உலகம் முழுக்கப் பல நூறு கோடி டாலர் திரட்டியது. அதற்கு உண்மையான பிளாக்செயினே கிடையாது. விலையை நிறுவனமே எழுதிக்கொண்டது.

விற்க முடியுமா? 2021-ல் 'ஸ்க்விட் கேம்' தொடரின் பேரில் ஒரு காயின் வந்தது. விலை 2,800 டாலரைத் தாண்டி ஏறியது. ஆனால் வாங்கியவர்களால் விற்க முடியவில்லை. சில நிமிடங்களில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. சிறு தொகைக்கு வாங்கி, விற்று, பணத்தை வங்கிக் கணக்குக்குக் கொண்டுவந்து பார்க்காமல் பெரிய தொகை போடக் கூடாது.

வட்டி எங்கிருந்து வருகிறது? தினமும் லாபம் என்று சொல்லி ஆள் சேர்த்த பிட்கனெக்ட் 2018-ல் படுத்தது. அதன் நிறுவனர் சூரத்தைச் சேர்ந்த இந்தியர் என்றும், மோசடி 240 கோடி டாலர் என்றும் அமெரிக்கா குற்றம்சாட்டியது. டெர்ரா காயினுக்கு ஆண்டுக்குச் சுமார் 20% வட்டி என்றார்கள். 2022 மே மாதம் சில நாட்களில் அதுவும் அதன் ஜோடியான லூனாவும் சேர்ந்து சரிந்தன. வட்டி கொடுக்கும் அளவுக்கு வருமானம் எங்கே என்று கேட்டால், புதிதாகச் சேர்பவர்களின் பணம் என்பதுதான் பதில் என்றால், ஒதுங்கிவிடுவது நல்லது.

கடையை எப்படிப் பார்ப்பது?

கிரிப்டோ தளங்கள் 2023 மார்ச்சில் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. அவை மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாத தளம் என்றால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் பதிவு இருப்பதாலேயே பணத்துக்கு உத்தரவாதம் என்று அர்த்தமில்லை. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கிரிப்டோவுக்கு அப்படி எதுவும் கிடையாது.

அடுத்து, வாடிக்கையாளர் காயின் யார் வாலட்டில் இருக்கிறது? ஒப்பந்தம் இந்திய நிறுவனத்தோடா, வெளிநாட்டு நிறுவனத்தோடா? தகராறு வந்தால் எந்த நாட்டில் வழக்கு? ஹேக் நடந்தால் நஷ்டம் யாருக்கு? இதெல்லாம் 'ஐ அக்ரீ' என்று படிக்காமல் தட்டிவிடும் விதிமுறைகளில்தான் இருக்கும். 2025 ஜூலையில் காயின்டிசிஎக்ஸ் தளத்தில் சுமார் 4.4 கோடி டாலர் திருடு போனது. அது நிறுவனத்தின் சொந்தக் கணக்கில் இருந்த பணம், வாடிக்கையாளர் பணத்தில் கை வைக்கவில்லை என்று நிறுவனம் நஷ்டத்தை ஏற்றுக்கொண்டது. இரண்டுமே ஹேக்தான். பணத்தை எங்கே, எப்படிப் பிரித்து வைத்திருந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

செட்டிநாட்டுக்கு இது புதுசா?

இல்லை. 1906-ல் சென்னையின் பெரிய வெள்ளைக்கார நிறுவனமான அர்பத்நாட் திவாலானது. பேரை நம்பிப் போட்டவர்கள் சேமிப்பை இழந்தார்கள். அந்த அடியில் இருந்துதான் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. அதில் செட்டிநாட்டு நகரத்தார்களின் பங்கு பெரியது. 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளை திறந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்தவர்கள், அங்கே இருந்த ஏஜென்ட்டிடம் கணக்கு வாங்கி, ஐந்தொகையைச் சரிபார்த்துத் தொழில் செய்தவர்கள். கடல் தாண்டி இருக்கும் பணத்துக்குக் கணக்கு கேட்பது இந்த ஊருக்குப் பழகிய வேலை. கிரிப்டோ தளத்திடமும் கேட்க வேண்டியது அதே கணக்குத்தான்.

வரி எவ்வளவு?

2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி, அதற்கு மேல் செஸ். விற்கும்போது 1% டிடிஎஸ். ஒரு காயினில் ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நஷ்டம் என்றால் கையில் நிற்பது ஒன்றுமில்லை. ஆனாலும் லாபத்துக்கு 30,000 ரூபாயும் செஸ்ஸும் கட்டியாக வேண்டும். நஷ்டத்தைக் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது.

ஏமாந்துவிட்டால்?

உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் பேச வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும். பரிவர்த்தனை எண், வாலட் முகவரி, சாட் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்கக் கூடாது. "கட்டின பணத்தை எடுக்க இன்னும் கொஞ்சம் வரி கட்டுங்க" என்று யாராவது கேட்டால், அது அடுத்த மோசடி. நிஜமான வரியை அரசுக்குத்தான் கட்டுவார்கள், டெலிகிராமில் பேசுபவருக்கு அல்ல.