பாண்ட் உங்களுக்கு, வோட்ச் அப்பாவுக்கு



போன எபிசோட் முடிஞ்ச கையோட எங்களுக்கு வந்த கேள்விகளில கனக்க ஒரே கேள்விதான்: "அண்ணா, ஆயிரம் டொலர் ஸ்மார்ட் வோட்ச் வாங்கவா, இல்லாட்டி நூறு டொலர் ஃபிட்னஸ் பாண்ட் காணுமா?"

என்ர பதில்: உங்களுக்கு எண்டால் பாண்ட் காணும். வோட்சை அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வாங்கிக் குடுங்கோ. நாங்கள் கனபேர் இதைத் தலைகீழாத்தான் செய்யிறம். நானும் அப்பிடித்தான் செய்தனான்.

2023 கடைசியில நல்ல கொன்ட்ராக்ட் ஒண்டு கிடைச்ச புளுகத்தில அப்பிள் வோட்ச் அல்ட்ரா 2 வாங்கினன். 1,099 டொலர். 13 வீத வரியும் சேர 1,240 ஐத் தாண்டிச்சுது. அதைக் கட்டிக்கொண்டு 40 மீற்றர் ஆழம் வரைக்கும் சுழியோடலாமாம். நான் போற ஒரே தண்ணி யூனியன்வில் டூகுட் குளம், அதுவும் கரையால நடக்க. "எனக்கும் ஒண்டு இருந்தால் எத்தினை அடி நடக்கிறன் எண்டு பாக்கலாம்" எண்டு அப்பா சொன்னார். அவருக்கு பொக்ஸிங் டே மலிவில ஒரு பாண்ட் வாங்கிக் குடுத்தன். அவருக்கு இது காணும் எண்டு நினைச்சன்.

அடுத்த பெப்ரவரி, அப்பா ட்ரைவ்வேயில ஸ்னோ தள்ளேக்க வழுக்கி விழுந்திட்டார். வயசு 68. அம்மா கோயிலுக்குப் போயிட்டா. போன் குசினி மேசையில. கையில கிடந்த பாண்ட் அவரின்ர இதயத் துடிப்பை ஒழுங்கா எண்ணிக்கொண்டுதான் இருந்தது, ஆனா ஒருத்தரையும் கூப்பிடத் தெரியாது. கிட்டத்தட்ட இருபது நிமிசம் குளிருக்குள்ள கிடந்திருக்கிறார். நாயோட நடக்க வந்த பக்கத்து வீட்டு மனுசிதான் கண்டது. அந்த நேரம் நான் டவுன்டவுனில ஒரு மீட்டிங்கில. என்ர வோட்ச் கையில தட்டி, கனநேரம் இருந்திட்டாய், எழும்பி நில் எண்டு சொன்னது.

மணிக்கட்டில வெடிப்பு மட்டும்தான். இடுப்பு தப்பிட்டுது. ஆனா அந்த இருபது நிமிசத்தை என்னால இன்னும் மறக்க ஏலாமல் கிடக்கு.

விழுந்தால் கண்டுபிடிக்கிற வசதி அப்பிள் வோட்சில 2018 இல, சீரீஸ் 4 ஓட வந்தது. பலமா விழுந்து ஒரு நிமிசமளவுக்கு அசையாமல் கிடந்தால், வோட்ச் தானே அவசர சேவைக்குக் கோல் எடுக்கும். பிறகு நீங்கள் குடுத்து வைச்ச ஆக்களுக்கு மெசேஜ் அனுப்பும். 55 வயசுக்கு மேல எண்டு வயசைப் போட்டால் இது தானாவே ஓன் ஆகும். இதுக்கு அல்ட்ரா தேவையில்லை. விலை குறைஞ்ச எஸ்ஈ மொடலிலயும் இருக்கு. 2022 இல வந்த எஸ்ஈ இங்க 329 டொலருக்குத்தான் தொடங்கினது. அப்பாட்ட அன்ட்ரொய்ட் போன் எண்டால் அதோட அப்பிள் வோட்ச் வேலை செய்யாது. பிக்சல் வோட்ச், கலக்ஸி வோட்ச் பாருங்கோ, அதுகளிலயும் இந்த வசதி இருக்கு. ஒண்டை மறக்க வேண்டாம்: செலுலர் இல்லாத மொடல் எண்டால் போன் பக்கத்தில இருக்க வேணும், இல்லாட்டி தெரிஞ்ச வைஃபை இருக்க வேணும். எல்லா விழுகையையும் பிடிக்கும் எண்டும் இல்லை.

இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் எச்சரிக்கிற வசதியும் வயசுக்கேத்த மாதிரித்தான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் நாலு லட்சத்துக்கு மேற்பட்ட ஆக்களோட செய்த அப்பிள் ஹார்ட் ஸ்டடி 2019 இல வெளிவந்தது. 40 வயசுக்குக் குறைஞ்சவையில 0.16 வீதம் பேருக்குத்தான் எச்சரிக்கை போனது. 65 ஐத் தாண்டினவையில 3 வீதத்துக்கு மேல. அதுக்குள்ள நாங்கள் தெற்காசிய ஆக்கள். 2000 ஆம் ஆண்டு லான்செட்டில வந்த ஷேர் ஆய்வில, கனடாவில இருக்கிற ஐரோப்பிய, சீன வம்சாவளி ஆக்களை விடத் தெற்காசியருக்கு இதய வருத்தம் கூட எண்டு காட்டினவை. அப்ப இந்த சென்சர் ஆரின்ர கையில இருக்க வேணும்?

அப்பாமாருக்கு வட்ஸ்அப்பில வாற இன்னொரு விளம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேணும்: ஊசி குத்தாமல் சீனி பார்க்கிற வோட்ச். அப்பிடி அங்கீகாரம் பெற்ற வோட்ச் ஒண்டும் இல்லை எண்டு அமெரிக்க எஃப்டிஏ 2024 பெப்ரவரியில எச்சரிச்சது. அந்த நம்பரைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைச்சால் ஆபத்து.

சரி, உங்களுக்கு? நடை, நித்திரை, சாதாரண துடிப்பு இதுகளுக்கு ஃபிட்பிட் இன்ஸ்பயர் 3 மாதிரி ஒண்டு தாராளம். 130 டொலருக்கு வந்தது, பற்றரி பத்து நாள் வரைக்கும். 10,000 அடி நடக்காட்டி மனம் நோக வேண்டாம். அந்த இலக்கம் 1965 இல ஜப்பானில விற்ற மான்போ-கெய் எண்ட அடி எண்ணும் கருவியின்ர பேரில இருந்து வந்தது, டொக்டர் சொன்னது இல்லை. மரதன் ஓடுறவை, இதயப் பிரச்சினை இருக்கிறவை வேற கதை.

வோட்சின்ர பெரிய குறை சார்ஜ். எஸ்ஈக்கு 18 மணித்தியாலம் எண்டுதான் சொல்லுறவை. நாங்கள் ஒரு வழக்கம் வைச்சிருக்கிறம்: அப்பா குளிக்கேக்கயும் பின்னேரத் தேத்தண்ணி குடிக்கேக்கயும் வோட்ச் சார்ஜரில. குளியலறையில விழுந்தால் பிடிக்காதே எண்டு நீங்கள் கேட்பியள். உண்மை, அதுக்கு சுவரில பிடி பூட்டினம்.

முதல் நாள் அப்பா கேட்டது ஒரு கேள்விதான்: "இனி நான் எங்க போறன் எண்டு நீ பாத்துக்கொண்டு இருப்பியோ?" இல்லையப்பா, விழுந்தால் மட்டும்தான் எனக்குச் சொல்லும் எண்டன். லொகேஷன் ஷேரிங்கை அவருக்கு முன்னாலயே ஓஃப் பண்ணிக் காட்டினன். அதுக்குப் பிறகுதான் கட்டினார்.

அல்ட்ராவை வித்துத்தான் அவருக்கு செலுலர் எஸ்ஈ வாங்கினது. அவரின்ர பழைய பாண்ட் இப்ப என்ர கையில. இந்தச் சனி ஞாயிறு வீட்டை போனால், கடைக்குப் போக முதல், அப்பாட்ட என்ன போன் இருக்கு எண்டு பாருங்கோ. அதில அவசரத்துக்குக் கூப்பிட உங்கட நம்பர் இருக்கா எண்டும் பாருங்கோ. அதுக்கு ஒரு சதமும் செலவில்லை.

அடுத்த எபிசோட்டில சந்திப்பம்.