கேம் கன்சோலுக்கும் ‘ப்ரோ’ மாடல்: வாங்கினா லாபமா, காத்திருந்தா லாபமா?

ஒரு கன்சோல் வாங்கினா ஆறேழு வருஷத்துக்குக் கவலை இல்லை, புது கேம் எது வந்தாலும் அதிலேயே ஓடும். கொஞ்சம் பொறுத்து வாங்கினா விலையும் குறையும். கேமிங் உலகில் பல ஆண்டுகளாக இருந்த எழுதப்படாத ஒப்பந்தம் இது. இதில் ஒரு பாதி இப்போது உடைந்துவிட்டது. எந்தப் பாதி என்பது, குருபரப்பள்ளி சிப்காட்டிலோ ஓசூரிலோ ஷிஃப்ட் பார்த்து, மாசா மாசம் எடுத்து வைத்த பணத்தில் கன்சோல் வாங்க நினைப்பவருக்கு ரொம்ப முக்கியம்.

பாதி வழியில் ஏன் புது மாடல்?

பிஎஸ்4 வந்தது 2013-ல். மூன்றே ஆண்டுகளில், 2016 நவம்பரில், பிஎஸ்4 ப்ரோ வந்தது. 4கே டிவிகள் வீடுகளுக்குள் வர ஆரம்பித்த நேரம் அது. மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ்-ஐ இறக்கியது.

2020-ல் வந்த பிஎஸ்5-க்கும் அதே கதைதான். 2024 நவம்பர் 7-ல் பிஎஸ்5 ப்ரோ வெளியானது. அமெரிக்காவில் விலை 699.99 டாலர். இது தீர்க்க வரும் பிரச்சினை ஒன்றுதான். சாதா பிஎஸ்5-ல் பல கேம்களில் ‘படம் துல்லியமா வேணுமா, இல்ல ஓட்டம் வேகமா வேணுமா’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறைந்த துல்லியத்தில் படத்தை உருவாக்கி, அதை ஏஐ மூலம் பெரிதாக்கி, இரண்டையும் சேர்த்துத் தர முயல்கிறது ப்ரோ.

இந்தியாவுக்கு ஏன் வரல?

காரணம் கேம் இல்லை, வைஃபை! ப்ரோவில் இருப்பது வைஃபை 7. அதற்கான 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்தியாவில் அப்போது அனுமதி இல்லாததால், இங்கே விற்கப்போவதில்லை என்று சோனி அறிவித்தது. பிறகு 2025 மே மாதம், அந்த அலைவரிசையின் கீழ்ப்பகுதியை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதிக்கும் வரைவு விதிகளை மத்திய தொலைத்தொடர்புத் துறை வெளியிட்டது.

இடைப்பட்ட காலத்தில், பக்கத்தில்தானே பெங்களூரு, ‘இம்போர்ட்’ பெட்டி கிடைக்குமா என்று தேடத் தோன்றும். ஆனால் அப்படி வரும் பெட்டிக்கு இந்திய வாரண்டி கிடையாது. இன்னொன்று, ப்ரோவில் டிஸ்க் டிரைவ் இல்லை, தனியாக வாங்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் டிஸ்க் வாங்கி, முடித்துவிட்டு விற்று, அடுத்த கேம் வாங்குகிறவர்களுக்கு இது கூடுதல் செலவு.

சாதா மாடல்ல புது கேம் ஓடாம போயிடுமா?

போகாது. ஒப்பந்தத்தின் இந்தப் பாதி உடையவில்லை. சாதா பிஎஸ்5-ல் ஓடுகிற கேம்தான் ப்ரோவிலும் ஓடுகிறது. படத்தின் தரம்தான் மாறுகிறது. நின்டெண்டோ ஒருமுறை ‘நியூ 3டிஎஸ்’ என்ற மாடலுக்கு மட்டும் சில கேம்களை வெளியிட்டது. அது விதிவிலக்கு.

பழைய பெட்டிகளின் ஆயுளும் நீள்கிறது. 2024-ல் சோனி சொன்ன கணக்குப்படி, மாதந்தோறும் விளையாடுபவர்களில் சுமார் பாதிப் பேர் அப்போதும் பிஎஸ்4-லேயே இருந்தார்கள்.

அப்போ உடைஞ்சது எது?

விலை. பிஎஸ்2 அமெரிக்காவில் 2000-ல் 299 டாலருக்கு வந்து, 2002-ல் 199 ஆகக் குறைந்தது. சிப் சின்னதாக ஆக ஆக, தயாரிப்புச் செலவும் குறைந்த காலம் அது. இன்று சிப் சின்னதானாலும் செலவு அதே அளவுக்குக் குறைவதில்லை. கூடவே டாலர் மதிப்பும் வரியும் சேர்கின்றன.

விளைவு? 2021 பிப்ரவரியில் இந்தியாவில் 49,990 ரூபாய்க்கு வந்த டிஸ்க் பிஎஸ்5, 2022 நவம்பரில் 54,990 ஆனது. அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் எல்லா பிஎஸ்5 மாடல்களும் 50 டாலர் ஏறின, ப்ரோ 749.99 ஆனது. எக்ஸ்பாக்ஸும் அதே ஆண்டில் விலையை உயர்த்தியது.

முன்பு பாதி வழியில் விலை குறைந்து, புதியவர்கள் உள்ளே வருவார்கள். இப்போது அந்த இடத்தில், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களிடம் இன்னும் கொஞ்சம் பணம் வாங்கும் மாடல் வருகிறது. போனில் பார்த்துப் பழகிய கதைதான்.

அப்படின்னா என்ன செய்யலாம்?

அடுத்த தலைமுறைக்காக சோனி, மைக்ரோசாஃப்ட் இரண்டுமே ஏஎம்டியுடன் வேலை பார்க்கின்றன. பழைய கேம்கள் புதியதிலும் ஓடும் என்கிறது மைக்ரோசாஃப்ட். ஆக, தலைமுறை என்பது இனி சுவர் இல்லை, படிக்கட்டு.

இப்போது கன்சோலே இல்லாதவர், விலை குறையும் என்று காத்திருப்பதில் பெரிய அர்த்தம் இல்லை. வாரண்டியோடு டிஸ்க் டிரைவ் உள்ள சாதா மாடலே போதும். ஏற்கெனவே பிஎஸ்5 வைத்திருப்பவர், வீட்டில் நல்ல 4கே டிவி இல்லையென்றால், ப்ரோவை மறந்துவிட்டு அந்தப் பணத்தில் கேம் வாங்கலாம்.